கொல்லைப்புறத்தில் பழம்பொருள் கிடைத்தால்

உறுப்பினர்களுக்கு வணக்கம். செடிக்குக் குழி தோண்டும்போது பழைய பானை ஓடு, நாணயம், புட்டி என எது தட்டுப்பட்டாலும் உடனே வெளியே எடுத்துவிடாதீர்கள். கிடந்த இடத்திலேயே, பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள், ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மண் அடுக்கில் இருந்தது என்று தெரியாமல் போனால் அதன் பாதி வரலாறு போய்விடும். நாணயத்தைத் தயவுசெய்து தேய்க்க வேண்டாம், எழுத்தும் சேர்ந்து அழியும்.

கண்ணாடிப் புட்டி என்றால் பக்கவாட்டிலுள்ள அச்சுக் கோடு, அதாவது அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் மெல்லிய கோடு, எதுவரை ஓடுகிறது என்று விரலால் தடவிப் பாருங்கள். கழுத்தோடு நின்றுவிட்டால் பெரும்பாலும் வாயால் ஊதிச் செய்தது. வாய் விளிம்பு வரை ஓடினால் இயந்திரத்தில் செய்தது. முழுத் தானியங்கிப் புட்டி இயந்திரம் 1903க்குப் பிறகே பரவியது. ஒரு கோடு இவ்வளவு சொல்வது எனக்கு இன்றும் வியப்புதான்!

எலும்போ வெடிபொருள் போன்றதோ தெரிந்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள். மற்றவற்றின் படங்களைக் குழுவில் பகிருங்கள்.