காலைதோறும்

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு, அப்பா எழுதுவது.

நாங்கள் சுகம். அம்மாவின் முழங்கால் முன்னைக்குத் தேவலை. புதுவருஷ ஆராதனை எப்படி இருந்தது என்று போனில் கேட்டேன். "குளிர் ஜாஸ்திப்பா" என்றாய். சரி. உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குத் தூங்கு.

நான் அனுப்பிய வேதவாசிப்பு அட்டவணையை நீ பார்த்துவிட்டாய் என்று தெரிகிறது. பதில் இல்லை. ஒன்பது வயதில் 119ஆம் சங்கீதம் 176 வசனத்தையும் சபைக்கு முன்னால் பார்க்காமல் சொன்னவள், அப்பாவுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? போகட்டும். அந்த அட்டவணையை எடுத்துப் போட்டுவிடு.

கணக்கு சரியானதுதான். வேதாகமத்தில் 1189 அதிகாரங்கள்; ஞாயிறு 5, மற்ற நாள் 3 என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடியும். ஆனால் ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 முடிந்து, ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும். பலிகளும் குஷ்டரோகப் பிரமாணங்களுமாக இருக்கும் அந்த இடத்தில்தான் பலரும் நின்றுவிடுகிறார்கள். ஒரு நாள் தவறினால் மறுநாளுக்கு 6, மூன்று நாள் தவறினால் 12. கடன் போல ஏறி, கடைசியில் புத்தகத்தைத் திறக்கவே கூச்சமாகிவிடும்.

நீ மாற்கு சுவிசேஷத்தில் ஆரம்பி. 16 அதிகாரம்தான், நாளுக்கு ஒன்று. பிடித்துப்போனால் புதிய ஏற்பாடு முழுவதும் 260. வாரத்தில் ஐந்து நாள், ஒவ்வொன்றாக வாசித்தால் 52 வாரம். தவறிய நாளைத் துரத்தாதே, இன்றைக்குரியதை மட்டும் வாசி. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, வாய்விட்டு, மெதுவாக, இரண்டு தரம். எந்த வரியில் மனசு தட்டுகிறதோ அங்கே நின்று அதையே ஜெபமாக்கு. பத்து நிமிஷம் போதும். இரவு நேரத்துக்குப் படுத்தால்தான் காலையில் அந்தப் பத்து நிமிஷம் கிடைக்கும்.

உபவாசம் உனக்கு இப்போது வேண்டாம், மாத்திரை சாப்பிடுகிறவள். எலியா தீர்க்கதரிசியை நினைத்துக்கொள். சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று சாகக் கேட்டவனிடம் தேவதூதன் உபதேசம் பண்ணவில்லை. தூங்கினவனைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு அவன் மறுபடி படுத்துக்கொண்டான். தூதன் மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். ஓரேப் மலையும், அங்கே அவன் கேட்ட தேவனுடைய மெல்லிய சத்தமும் அதற்குப் பிறகுதான். அதனால்தான் தூங்கு, தூங்கு என்கிறேன்.

புது வருஷத்தில் எல்லாரும், எதிர்பார்த்திருக்கும் முடிவைக் கொடுப்பேன் என்று கர்த்தர் சொல்லும் எரேமியா 29:11ஐ அனுப்புவார்கள். அதற்கு முந்தின வசனத்தில் 70 வருஷம் என்று இருக்கிறது, பார். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின நிருபம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், அங்கேயே வாழுங்கள் என்றுதான் தொடங்குகிறது. பிப்ரவரிக்குள் எல்லாம் மாறிவிடும் என்று அதைப் பிடித்துக்கொண்டால் மனசு உடைந்துபோகும். புலம்பல் புத்தகத்தில் அவருடைய இரக்கங்கள் "காலைதோறும் புதியவைகள்" என்றிருக்கிறது. எருசலேம் இடிந்து கிடந்தபோது சொன்னது. வருஷப்பிறப்பைத் தவறவிட்டவர்களுக்கும் நாளைக் காலை உண்டு.

இதை எழுத உட்கார்ந்தபோது சொல்ல நினைக்காத ஒன்றைச் சொல்கிறேன். நீ படித்த காலத்தில், வாசிக்காத நாளுக்கெல்லாம் நாட்காட்டியில் சிவப்பு மையால் சுழித்தவன் நான். எத்தனை அதிகாரம் என்று கேட்டேன். எது புரியவில்லை, எது வலிக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. அந்த ஜூன் மாசத்திலும் "ஜெபம் பண்ணு" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குப் போய்விட்டேன். தேவனுக்கு முன்னால் வருகைப்பதிவு கொடுக்க வேண்டும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அது என் தப்பு, மன்னித்துவிடு.

ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 88ஆம் சங்கீதத்தை வாசி. கடைசி வரி வரை ஆறுதல் இல்லாத சங்கீதம், ஆனாலும் வேதாகமத்தில் இருக்கிறது. அப்படியே நீயும் அவரிடம் சொல்லலாம். அவரிடம் முடியாவிட்டால் அம்மாவிடம் சொல்.

தாத்தாவின் கறுப்பு வேதாகமத்துக்கு அட்டை விட்டிருக்கும். ஒட்டுநாடா போடாதே, பசை காகிதத்தைத் தின்றுவிடும். துணியில் சுற்றி வை.

ஞாயிறு சாயங்காலம் போன் பண்ணுகிறேன். ஆராதனையைப் பற்றிக் கேட்கமாட்டேன். தூங்கினாயா என்று மட்டும் கேட்பேன்.

அன்புடன்,
அப்பா