கோரிக்கை மனு: சமூக மண்டபத்து ஓ.கே.யூ. (மாற்றுத்திறனாளிகள்) கழிப்பறையைத் திறந்து தாருங்கள்

பெறுநர்:
உயர்திரு பராமரிப்புப் பிரிவு அதிகாரி அவர்கள்,
கோலாலம்பூர்.

பொருள்: செந்தூல் வட்டாரச் சமூக மண்டபத்தில் பூட்டிக் கிடக்கும் ஓ.கே.யூ. கழிப்பறை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மீண்டும் எழுதுகிறோம். மண்டபம் தாங்கள் அறிந்ததே. சமையற்கட்டுக்குப் போகும் நடையில், சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கதவைத்தான் சொல்கிறோம்.

முதுகுத் தண்டுவடத்தில் அடிபட்டவர்களும் அவர்களின் குடும்பத்தாரும் மாதம் ஒரு ஞாயிறு அங்கே கூடுகிறோம். காற்றுக் குஷனில் காற்று சரியா என்று கைவிட்டுப் பார்ப்பது, டயர் டியூப் ஒட்டுவது, பலகை போட்டு நாற்காலியிலிருந்து காருக்கு மாறுவதைப் புதியவர்களுக்குக் காட்டுவது, மிஞ்சிய கேத்தீட்டர்களை (சிறுநீர் வடிக்கும் மெல்லிய குழாய்களை) பகிர்ந்துகொள்வது எல்லாம் அன்றுதான்.

1. கழிப்பறை பூட்டியிருக்கிறது. உள்ளே துடைப்பம், பெயிண்ட் டின், உடைந்த நாற்காலிகள். சாவி அலுவலகத்தில், ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது.

2. இதனால் நேர்வதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். தண்டுவடம் அடிபட்டால் சிறுநீர்ப்பை நிறைந்தது பலருக்குத் தெரியாது. தானாக வெளியேறவும் செய்யாது. நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, 500 மில்லியைத் தாண்டுமுன், கை கழுவி, கேத்தீட்டர் விட்டு வடிக்க வேண்டும். காலை ஏழரைக்கு வேன் ஏறுபவர் வீடு திரும்ப மதியம் இரண்டரை ஆகிறது. அதனால் பலர் முந்தின இரவே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சிறுநீர் கெட்டியாகிறது; கிருமித் தொற்றுக்கும் கல்லுக்கும் அதுவே வழி. மார்புப் பகுதியின் ஆறாவது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்கு ஆபத்து இன்னும் பெரிது. பை நிறைந்தால் இரத்த அழுத்தம் திடீரென ஏறும், மண்டை இடிக்கும், முகம் சிவந்து வியர்க்கும். வழக்கமாக மேல் அழுத்தம் 100 இருப்பவருக்கு 140 என்றாலே அபாயம். கவனிக்காவிட்டால் பக்கவாதம் வரை போகும். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, உடனே சிறுநீரை வடிக்க வேண்டும். எங்கே வடிப்பது ஐயா? மேடைத் திரைக்குப் பின்னாலா?

3. “பேம்பர்ஸ் போட்டு வரலாமே” என்று சிலர் சொல்கிறார்கள். பேம்பர்ஸ் கசிவதைத்தான் தாங்கும். சிறுநீர்ப்பையைக் காலி செய்யாது. பலருக்குப் பை சுருங்கும்போதே அதன் வாய்த்தசையும் இறுகும். பைக்குள் ஏறும் அழுத்தம் சிறுநீரகத்தைத் தாக்கும். ஈரத்தில் மணிக்கணக்காக உட்கார்ந்தால் உணர்வில்லாத தோல் புண்ணாகும். அந்தப் புண் ஆற மாதக்கணக்காகும். இதை எத்தனை முறைதான் எழுதுவது?

4. திறந்தால் மட்டும் போதாது. கதவு உள்பக்கம் திறக்கிறது. நாற்காலி நுழைந்தபின் சாத்த முடியாது. கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்கச் செய்யுங்கள். கைப்பிடிக் கம்பி ஆடுகிறது: பிளாஸ்டிக் பிளக்கில் திருகியிருக்கிறார்கள், முழு உடல் எடையும் விழுந்தால் ஓட்டோடு பிடுங்கிக்கொண்டு வரும். சுவருக்கேற்ற ஆங்கர் போல்ட் போட வேண்டும். விரல் மடங்காதவர்களும் திறக்கும்படி, குழாய்க்கு நெம்பு பிடி. சோப்பு. கேத்தீட்டர் வைக்க ஒரு தட்டு. மூடியுள்ள குப்பைத்தொட்டி.

5. பெயிண்ட் டின்னை வேறு எங்கும் வைக்கலாம். எங்களுக்கு வேறு கழிப்பறை இல்லை.

2008ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 26ஆம் பிரிவு பொதுக் கட்டடங்களையும் வசதிகளையும் பயன்படுத்தும் உரிமையை எங்களுக்குத் தந்திருக்கிறது. புதுக் கட்டடம் கேட்கவில்லை. இருப்பதைத் திறக்கச் சொல்கிறோம். தயவுசெய்து திறந்து தாருங்கள் ஐயா.

கம்பியும் கதவும் மாற நாளாகும் என்றால், அடுத்த கூட்டத்துக்கு முன் சாமான்களையாவது அகற்றி, சாவியைக் காவலரிடம் கொடுத்து வையுங்கள். பழுதுபார்க்கும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
செந்தூல் வட்டாரத் தண்டுவடக் காயமுற்றோரும் குடும்பத்தாரும்