முள் ஏறினால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது தீர்வு அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை சீசன் வந்தால் மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையில் ஆவி பறக்க ஓரங்கட்டி நிற்கும் பழைய டீசல் வேன்களைப் பார்க்கலாம். கீழே இறங்கியதும் பல பட்டறைகளில் செய்யும் முதல் வேலை, எஞ்சின் தண்ணீர் சூடானதும் திறந்து அதை ரேடியேட்டருக்கு அனுப்பும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது. அதிலும் அடங்காவிட்டால் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டையே கழற்றி இறக்கிவிடுகிறார்கள். இந்த இரண்டுக்கும் முன்னால் பொறுமையாகச் சோதித்தால் கோளாறு எங்கே என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். வேன் உரிமையாளர்களும் ஓட்டுநர்களும் இதை அறிந்து, பட்டறையில் கேட்டு வாங்க வேண்டும்.

முதலில், டேஷ்போர்டிலுள்ள வெப்ப மீட்டரின் முள் காட்டுவது உண்மையா? ஹெட்லைட் போட்டதும் முள் ஏறி, அணைத்ததும் இறங்கினால் அது எர்த் கோளாறு. எஞ்சினுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள எர்த் பட்டையையும் டேஷ்போர்டின் பின்னாலுள்ள எர்த்தையும் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பழைய வண்டிகளில் டீசல் முள்ளும் சேர்ந்தே கூடுதலாகக் காட்டினால், மீட்டருக்கான வோல்டேஜ் ஸ்டெபிலைசரைச் சந்தேகிக்க வேண்டும். சென்சார் வயர் உரிந்து பாடியில் பட்டிருந்தால், எஞ்சின் சில்லென்று இருக்கும்போதே, சாவி போட்டவுடன் முள் சிவப்புக்குப் போகும். சந்தேகம் தீர, இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் தெர்மோஸ்டாட் ஹவுசிங்கை அளந்து பாருங்கள். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டு ஒட்டி, அதன்மேல் அளக்க வேண்டும். 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் எஞ்சினைத் தொட வேண்டியதில்லை. ஏறிக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் மட்டும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். தண்ணீர் இறங்கிப்போய் சென்சார் வெறும் காற்றில் நிற்கலாம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

சூடு உண்மைதான் என்றால் அடுத்து ரேடியேட்டர் மூடி. விலை குறைந்த சாமான் என்பதாலோ என்னவோ, அதை யாரும் பார்ப்பதில்லை. மலையேறும் வண்டிக்கு அதுதான் உயிர். சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 பார் மூடி சரியாக அழுத்தம் பிடித்தால், ஊட்டியிலும் 110 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் வெடித்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ இருந்தால், எஞ்சின் தன் வழக்கமான சூட்டில் ஓடும்போதே தண்ணீர் கொதித்து வெளியே தள்ளும். கோவையில் தொந்தரவு தராத வேன் குன்னூரை நெருங்கியதும் கக்கினால் முதலில் மூடியைத்தான் பார்க்க வேண்டும். அதே அளவு மூடியையே வாங்குங்கள். கூடுதல் அழுத்தத்துக்கானதைப் போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டரின் பற்றவைப்பும் தாங்காது.

பிறகு, எப்போது சூடேறுகிறது என்று ஓட்டுநரிடம் கேளுங்கள். நெரிசலில் ஏறி, வேகமெடுத்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் குறை. பெல்ட்டின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. அமுங்கலாம், அதற்குமேல் போனால் தளர்வு. சூட்டுக்கேற்ப எண்ணெய்க் கப்ளிங் பிடித்துச் சுற்றும் விஸ்கஸ் ஃபேன் என்றால், நன்றாகச் சூடானபின் எஞ்சினை அணைத்துக் கையால் சுற்றுங்கள். பிடிமானமே இல்லாமல் சுற்றினால் கப்ளிங் போய்விட்டது. மேட்டில் மட்டும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, தேய்ந்த வாட்டர் பம்ப், சப்பிப்போகும் கீழ் ஹோஸ் ஆகிய மூன்றையும் பாருங்கள். எஞ்சின் ஓடும்போது ரேடியேட்டர் முகத்தில் ஓர் இடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே குழாய்கள் அடைத்திருக்கின்றன. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வண்டிகளில் இது சகஜம். ஒருவர் ஆக்ஸிலேட்டரை அழுத்த, இன்னொருவர் கீழ் ஹோஸைக் கவனிக்க வேண்டும். உள்ளிருக்கும் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருந்தால் ஹோஸ் ஒட்டிக்கொள்ளும். ஏசி வேன்களில் கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே அப்பிக்கிடக்கும் தூசியை எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் அடித்துத் தள்ளுங்கள்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது ஏன் தவறு? பல டீசல் எஞ்சின்களில் அது திறக்கும்போதே அதன் அடித்தட்டு, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் எஞ்சினுக்கே திரும்பும் பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றுவதால், மேட்டில் சூடு கூடத்தான் செய்யும். சமவெளியிலோ எஞ்சின் சூடேறாமல் டீசலை வீணடிக்கும், சிலிண்டரின் உட்சுவரும் (போர்) தேயும். சந்தேகம் இருந்தால் பாத்திரத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டுக் காய்ச்சுங்கள். அதில் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கி, ஆறியதும் முழுக்க மூட வேண்டும்.

ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைக் கடைசியாகச் சந்தேகியுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, தண்ணீர் சூடாகும் முன்பே ஓரிரு நிமிடத்தில் மேல் ஹோஸ் கல்லாக இறுகினால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீருக்குள் புகுகிறது. அப்போதுதான் ஹெட்டை இறக்க வேண்டும்.

சூடான மூடியைத் திறக்கவே கூடாது. மேல் ஹோஸைக் கையால் பிடிக்க முடிகிறவரை காத்திருங்கள். கொதித்த எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட் விரிசல் விடும். ஆறியபின் கூலன்டும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி நிரப்பி, வண்டியின் முன்பக்கம் மேடாக நிறுத்தி, ஹீட்டர் இருந்தால் அதன் தண்ணீர் வால்வையும் திறந்து, மூடி போடாமல் ஓடவிடுங்கள். குமிழி நின்று அளவு நிலைத்தபின்தான் மூட வேண்டும்.

இப்படிக்கு,
டீசல் மெக்கானிக்,
மேட்டுப்பாளையம்