ஆகஸ்ட்டில் வந்த மான்கள் எங்கே போயின? அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

விலங்கு அசைந்தால் தானே படமெடுக்கும் உங்கள் கேமராவிலிருந்து நீங்கள் அனுப்பிய படங்களை எல்லாம் பார்த்தேன். ஆகஸ்ட் முழுக்க அந்த நாலு ஆண் மான்களும் சோயா வயலோரம் ஒன்றாகவே மேய்ந்திருக்கின்றன. செப்டம்பர் பாதிக்கு மேல் ஒன்றைக்கூடக் காணோம். "யாராவது சுட்டிருப்பார்களோ?" என்று கேட்டிருந்தீர்கள். கவலைப்படாதீர்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வருஷா வருஷம் நடப்பதுதான் இது.

கோடையில் வெள்ளைவால் மான்களில் ஆண்கள் கூட்டாகத் திரியும். அப்போது வளரும் கொம்பின் மேல் ரத்த ஓட்டமுள்ள, பூனைமுடி படர்ந்த தோல் போர்த்தியிருக்கும். பகல் நேரம் குறையக் குறைய ஆண் ஹார்மோன் ஏறும், கொம்பு இறுகும். செப்டம்பர் தொடக்கத்தில் அந்தத் தோல் காய்ந்து உரிந்துவிடும். அத்தோடு கூட்டும் கலைந்துவிடும். நேற்றுவரை ஒன்றாக மேய்ந்தவை முறைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடும். சோயா இலை பழுத்து உதிர்வதும், ஓக் கொட்டை விழுவதும் அதே சமயம்தான். வெள்ளை ஓக் கொட்டையில் துவர்ப்பு குறைவு, மானுக்கு அதன்மேல் தனி ஆசை.

அதனால் கேமராவை வயலோரத்திலிருந்து கழற்றி, ஓக் மரங்கள் நிற்கும் மேட்டுக்கு மாற்றுங்கள். அக்டோபரில் இன்னும் நல்ல இடம் ஒன்று உண்டு. தாழ்ந்த கிளையொன்றின் கீழ் ஆண் மான் சருகை விலக்கி, மண்ணைக் குளம்பால் பறித்துப் போட்டிருக்கும். அங்கே வந்து, கழுத்தை நீட்டி, கிளை நுனியை வாயில் கவ்வும். கண்ணோரத்தையும் நெற்றியையும் அதில் தேய்க்கும். பிறகு பின்னங்கால்களை ஒட்டி வைத்து, அந்த மண்ணில் சிறுநீர் விடும். இன்னொரு மான் வந்து அதை மோந்து பார்த்து, தன் வாசனையையும் விட்டுப்போகும். பெரும்பாலும் ராத்திரியில்தான் இதெல்லாம் நடக்கும். காடு முழுக்கச் சுற்றினாலும் கண்ணால் பார்க்கக் கிடைக்காத காட்சி. எனக்கு இந்தக் கேமரா பிடித்துப்போனதே இதனால்தான். நூறு வருஷத்துக்கு முன்பே பக்கத்து மிச்சிகனில் ஜார்ஜ் ஷைராஸ் என்பவர், மான் கயிற்றை இடறினால் ஃப்ளாஷ் வெடித்துப் படம் விழும்படி கட்டிவைத்தார். அவர் எடுத்த விலங்குப் படங்கள் 1906 ஜூலை நேஷனல் ஜியாக்ரஃபிக் இதழில் வந்தன.

கேமராவை வடக்குப் பார்த்து, இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். இலையுதிர் காலத்தில் வெயில் சாய்ந்து அடிக்கும். தெற்கே திருப்பினால் படம் வெளுத்துப்போகும். முன்னால் இருக்கும் செடிகொடியையும் வெட்டிவிடுங்கள். சென்சார் பார்ப்பது சூட்டின் அசைவை, அதனால் வெயில் பட்டுச் சூடான கிளை ஆடினாலும் மானென்று நினைத்து எடுத்துத் தள்ளும். குளிருக்கு லித்தியம் பேட்டரிதான் தாங்கும்.

அப்புறம், நாற்பது படம் விழுந்தால் நாற்பது மான் என்று கணக்குப் போடாதீர்கள். ஒரே மான் திரும்பத் திரும்ப வரும். ஆண்களைக் கொம்பின் கிளைகளை வைத்துப் பிரித்துவிடலாம். பெண்களை அப்படிப் பிரிப்பது கஷ்டம். இன்னொன்று, மான் வரட்டுமென்று சோளம் கொட்டாதீர்கள். மானின் மூளையை அரித்துக் கொல்லும் சிடபிள்யூடி நோய் 2002-இலேயே விஸ்கான்சினில் கண்டுபிடிக்கப்பட்டது. பல மான்கள் ஒரே இடத்தில் வாய் வைத்தால் அது எளிதாகப் பரவும். அங்கே பல மாவட்டங்களில் தீனி வைப்பதற்கே தடை இருக்கிறது.

நவம்பர் முதல் இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். இணைசேரும் காலம் உச்சத்துக்கு வரும்போது, பெண் மானைத் தேடி ஆண்கள் பட்டப்பகலிலேயே அலையும். உங்கள் நாலில் ஒன்றிரண்டு திரும்பி வரலாம். இதுவரை பார்க்காத புது ஆண்களும் வரும். அந்த நாட்களில் சாயங்காலம் கார் ஓட்டும்போது மட்டும் மெதுவாகப் போங்கள், ஒரு மான் கடந்தால் பின்னாலேயே இன்னொன்று பாயும்.

நவம்பர் நாலாவது வியாழனன்று வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை துப்பாக்கி வேட்டை தொடங்கி ஒன்பது நாள் நடக்கும். அந்த நாட்களில் மெமரி கார்டு எடுக்கக் காட்டுக்குள் போகவே வேண்டாம். போய்த்தான் ஆகவேண்டும் என்றால், பளிச்சென்ற ஆரஞ்சு நிற மேல்சட்டையும் தொப்பியும் போட்டுக்கொண்டு போங்கள்.

அன்புடன்,
தம்பி