செயலாளர் அறிக்கை: 2024–25

தலைவருக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம். கோவில்பட்டியில் நடக்கும் நம் குடும்ப உதவிச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான அறிக்கை இது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இன்று தேர்தல் என்பதால், நிர்வாகக் குழுவில் இருந்தால் என்ன வேலை என்பதை மட்டும் நான் சொல்லிவிடுகிறேன்.

ஆலோசனை நேரம் காலை 11 மணியாக இருந்தது. அது நமக்குத்தான் வசதி. வர வேண்டியவர்கள் அந்நேரம் தீப்பெட்டி ஆபீஸில், அதாவது தீப்பெட்டித் தொழிற்சாலையில், வேலையில் இருப்பார்கள். இங்கே வந்தால் அரை நாள் கூலி போச்சு. ஜூலையிலிருந்து மாலை 6 மணிக்கு மாற்றினோம். அப்புறம்தான் பெஞ்சில் இடம் போதாமல் போனது.

அதிகம் அலைய வைத்தது கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவித்தொகை. மாதம் 1,200 ரூபாய். வயது 30 ஆகியிருக்க வேண்டும். கணவர் விட்டுப்போய் 5 ஆண்டாவது ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் கோர்ட் மூலம் பிரிந்திருக்க வேண்டும். படிக்கச் சுலபம். ஓர் அக்கா மூன்று முறை திரும்பி வந்தார். ரேஷன் கார்டில் கணவர் பெயர் அப்படியே இருந்தது. “வீட்ட விட்டுப் போனவரு கார்ட விட்டுப் போகலையே சார்” என்றார். நம் குழுவிலிருந்து ஒருவர் தூக்குவாளியில் சாப்பாட்டோடு அவருடன் போய் அலுவலகத்தில் உட்கார்ந்தார், ஒரு நாளில்லை, நாலு நாள். பணம் வரத் தொடங்கிவிட்டது.

வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு வட்ட சட்டப் பணிகள் குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். வருகிறவர்களுக்கு இது தெரியாதது இருக்கட்டும், குழுவிலேயே பாதிப் பேருக்குத் தெரியவில்லை.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். பெயர், தெரு எல்லாம் எழுதிய நோட்டை ஒரு நாள் மேசைமேல் விட்டுப் போனேன். இரண்டே நாளில் ஒரு வீட்டு விஷயம் டீக்கடைக்கு வந்துவிட்டது. அந்தக் குடும்பம் அதன் பிறகு நம்மிடம் வரவில்லை. இப்போது நோட்டில் எண் மட்டும்தான். பெயர்கள் பூட்டிய பீரோவில். சின்ன ஊர், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். டிசம்பர் கூட்டத்தில் தன் கொழுந்தனார் வீட்டுப் பிரச்சினை வந்ததும் நம் துணைத்தலைவி எழுந்து போய் வாசலில் நின்றார், முடிந்ததும் கூப்பிட்டோம். யாரும் சொல்லித் தரவில்லை. இப்போது அதையே வழக்கமாக்கித் தீர்மானம் போட்டிருக்கிறோம்.

பதிவாளர் அலுவலகத்தில் கணக்கைத் தாமதமாகக் கொடுத்து அபராதம் கட்டினோம். சரி, அதுவும் என் கணக்கில்தான்.

குழுவின் 3 ஆண்டு முடிகிறது. இரண்டு இடங்கள் காலி. மேடையும் சால்வையும் ஆண்டுக்கு ஒருமுறைதான், அது இன்றைக்கு. மற்ற நாளெல்லாம் தாலுகா ஆபீஸ் பெஞ்ச். அதற்குச் சம்மதம் உள்ளவர்கள், குறிப்பாக மாலை 6 மணிக்கு வர முடிகிற பெண்கள், டீ இடைவேளைக்குள் பெயர் கொடுங்கள். குழு மாற்றத்தைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் படிவம் 7 என் பையில் இருக்கிறது.