ஆளை இறக்காதீர்கள்: சென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கங்களின் தலைவர்கள், செயலாளர்கள், பொருளாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்னையில் பொறியியலும் சமூகப்பணியும் படிக்கும் மாணவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. செப்டிக் டேங்கில் இறங்கியவர் இறந்தார் என்று செய்தி வரும்போதெல்லாம் கோபம் அரசின் மீதும் ஒப்பந்ததாரர் மீதும் பாய்கிறது. பாய வேண்டியதுதான். ஆனால் தனியார் வளாகத்துக்குள் நடக்கும் சாவுகளில் ஆளைக் கூப்பிட்டு அனுப்பியவர் ஒரு வீட்டுக்காரராகவோ, ஹோட்டல்காரராகவோ, அடுக்குமாடி அசோசியேஷனாகவோ இருக்கிறார். டேங்க் நிரம்பி வழிகிறது, கீழ்வீட்டில் நாற்றம் தாங்கவில்லை, செயலாளர் வாட்ச்மேனிடம் சொல்கிறார், வாட்ச்மேன் தெரிந்த ஒருவரைக் கூட்டி வருகிறார். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆனாலும் ஒருவர் உயிரோடு வீடு திரும்புவாரா என்பது அந்த ஒரு போன் பேச்சிலேயே முக்கால்வாசி முடிவாகிவிடுகிறது. அதனால்தான் ஊரின் சாக்கடைகளைப் பார்த்துக்கொள்ளும் குடிநீர் வாரியத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறோம்.

முதலில் சட்டம். கையால் மலம் அள்ளும் பணிக்குத் தடை விதிக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ ஆபத்தான முறையில் சுத்தம் செய்ய எவரையும் நேரடியாகவோ மறைமுகமாகவோ அமர்த்தக் கூடாது என்கிறது. மறைமுகம் என்றால் ஏஜென்சி வழியாக, பிளம்பர் வழியாக, வாட்ச்மேன் வழியாக என்று எல்லாமே அடங்கும். முதல் முறை மீறினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி மீறினால் 5 ஆண்டு, 5 லட்சம். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். 2023 அக்டோபர் 20 அன்று உச்ச நீதிமன்றம் சாவுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்வதை நிறுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. "என் சொந்த விருப்பத்தில்தான் இறங்குகிறேன்" என்று தொழிலாளியிடம் எழுதி வாங்கி வைக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தக் காகிதத்தால் தடை நீங்கிவிடாது. இறங்குபவர் எந்தச் சாதியிலிருந்து வருகிறார் என்பதும் நம் எல்லோருக்கும் தெரிந்ததே. பட்டியல் சாதி, பழங்குடியினரைக் கையால் மலம் அள்ளும் வேலைக்கு அமர்த்துவது 2015 திருத்தத்துக்குப் பிறகு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம்.

தண்டனைக்குப் பயந்து மட்டும் ஒரு பழக்கம் மாறிவிடாது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால், யாரையும் இறக்க மனம் வராது என்று நம்புகிறோம்.

காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலே அந்த இடத்தைப் பாதுகாப்பற்றது என்று கணக்கிடுகிறார்கள். 10க்குக் கீழே போனால் மயக்கம், 6க்குக் கீழே சில நிமிடங்களில் சாவு. மூடிய டேங்கில் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை உறிஞ்சிவிட்டு ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன், கார்பன் டை ஆக்சைடு ஆகியவற்றை வெளிவிடுகின்றன. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, அடியில் தங்கும். அழுகிய முட்டை நாற்றத்தை வைத்து அதைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே மூக்குக்குத் தெரிகிற அந்த வாயு, 100 பங்கை எட்டும்போது சில நிமிடங்களில் மோப்ப நரம்பையே மரக்கச் செய்துவிடும். உள்ளே இருப்பவர் நாற்றம் குறைந்துவிட்டதாக நினைப்பார். 700க்கு மேல் போனால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றோட விட்டால் போதும் என்று பலர் சொல்கிறார்கள். போதாது. வாயுவின் பெரும்பகுதி வண்டலுக்குள் சிறைப்பட்டுக் கிடக்கிறது. மேலே நிற்கும்போது ஒன்றும் தெரியாது. கால் வைத்து, மண்வெட்டியால் கிளறிய நொடியில் அது குமிழ் குமிழாகக் கிளம்பும். கயிற்றில் மெழுகுவத்தியையோ எரியும் காகிதத்தையோ இறக்கிப் பார்ப்பது அதைவிட மோசம். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் வரை இருந்தால் வெடிக்கும். தீ அணையாமல் எரிந்தாலும் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று அர்த்தமில்லை. முகத்தில் கட்டும் ஈரத்துணியும் சாதாரண மாஸ்க்கும் தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

அப்படியானால் ஏன் இன்னும் இறங்குகிறார்கள்? கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரிதான் இருக்கிறதே? எங்கள் பார்வையில் இந்த மடலின் முக்கியமான பகுதி இதுதான். லாரியை வரவழைத்த பிறகும் ஆள் இறங்குவதற்கான காரணங்களில் பல, சங்கத்தின் பராமரிப்பில் இருக்கின்றன.

முதல் காரணம், காலம் கடத்துவது. செப்டிக் டேங்கை 2 முதல் 3 ஆண்டுக்கு ஒருமுறை காலி செய்ய வேண்டும். வழிந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டு, பத்து ஆண்டுகள் விட்டால் அடிவண்டல் களிமண்போல இறுகிவிடும். லாரியின் உறிஞ்சுகுழாய் மேல்நீரை மட்டும் இழுக்கும், வண்டல் அசையாது. அப்போதுதான் "ஆளு இறங்கி வாளியில அள்ளணும் சார்" என்று சொல்வார்கள். அங்கே நீங்கள் சம்மதிக்கக் கூடாது. லாரியில் இழுத்த நீரையே அழுத்தத்தோடு திருப்பி அடித்தோ, ஜெட் குழாயால் தண்ணீர் பீய்ச்சியோ, நீளக் கம்பால் மேலிருந்தே கலக்கியோ வண்டலைக் கரைத்து மறுபடி உறிஞ்சலாம். ஒரு லோடு கூடுதலாகும், பணமும் கூடுதலாகும். அவ்வளவுதான்.

இரண்டாவது, "தரை தெரியுற மாதிரி கழுவி விடுங்க" என்று கேட்பது. இந்த ஒரு வார்த்தைக்காகவே ஆட்கள் இறங்குகிறார்கள். செப்டிக் டேங்கைத் தரை தெரியக் கழுவத் தேவையே இல்லை. புதிதாக வரும் கழிவைச் செரிக்க நுண்ணுயிர்கள் வேண்டும், அதற்காகச் சிறிதளவு பழைய வண்டலை அடியில் விட்டுவைப்பதுதான் முறை. லாரிக்காரர் கொஞ்சம் விட்டுவிட்டுப் போனால் ஏமாற்றிவிட்டார் என்று எண்ணாதீர்கள்.

மூன்றாவது, மூடி. பார்க்கிங்கில் டைல்ஸ் போடும்போது டேங்க் மூடிகளையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். டேங்க் இரண்டு அறையாக இருக்கும், திறக்க வழி ஒன்றுக்குத்தான் இருக்கும். இரண்டாம் அறைக்குக் குழாய் எட்டாது, நடுச்சுவரைத் தாண்ட ஆள் இறங்குவார். ஒவ்வோர் அறைக்கும் தனி மூடி, குழாய் தாராளமாக நுழையும் அளவு, அதன் கீழே ஆள் விழாதபடி கம்பி வலை என்று ஒரு கொத்தனாரை வைத்துச் செய்துவிடலாம். இந்த வேலையை டேங்க் காலியாக இருக்கும்போதும் மேலிருந்தேதான் செய்ய வேண்டும்.

ஓ.எம்.ஆர். பக்கத்துப் பெரிய வளாகங்களில் சிக்கல் வேறு மாதிரி. அங்கே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பேஸ்மென்ட்டில் இருக்கிறது. லாரி நிற்கும் இடத்துக்கும் தொட்டியின் அடிக்கும் 7 மீட்டருக்கு மேல் ஆழ வித்தியாசம் இருந்தால் வெற்றிட உறிஞ்சல் வேலை செய்யாது, நீர்மூழ்கி பம்ப் வேண்டும். அந்த பம்ப் அடைத்துக்கொண்டால் எடுக்க ஆளை இறக்குகிறார்கள். பம்ப்பில் துருப்பிடிக்காத சங்கிலி ஒன்று மாட்டி, அது ஏறி இறங்க இரண்டு வழிகாட்டிக் குழாய்கள் பொருத்தியிருந்தால் மேலே நின்றே தூக்கிவிடலாம். பராமரிப்பு ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது, உங்கள் தொட்டிகளில் சங்கிலியும் குழாயும் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒப்பந்தத்தில் "எந்தத் தொட்டியிலும் ஆள் இறங்கக் கூடாது" என்ற வரி இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

லாரிக்குச் சொல்லும்போது டேங்கின் கொள்ளளவையும் சொல்லுங்கள். நீளம், அகலம், நீர் நிற்கும் ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 1,000ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். 3 மீட்டர் நீளம், 1.5 அகலம், 1.5 ஆழம் என்றால் 6,750 லிட்டர். எத்தனை லோடு என்று முன்பே தெரிந்தால், வண்டி நிரம்பிவிட்டது, மிச்சத்தைக் கையால் அள்ளுகிறோம் என்ற பேச்சே வராது. லாரிக்கு உரிமம் இருக்கிறதா, கழிவை எங்கே கொண்டுபோய் விடுகிறார்கள் என்றும் கேளுங்கள். உரிமம் இல்லாத லாரி வழியில் மழைநீர் வடிகாலில் திறந்துவிட்டால், அது உங்கள் தெருவுக்கே திரும்பி வரும். செப்டிக் டேங்க் லாரிக்கும் புகாருக்கும் 14420 என்ற எண் இருக்கிறது. பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள இடங்களில் தெரு மேன்ஹோல் அடைத்தால் அது குடிநீர் வாரியத்தின் வேலை: 044-4567 4567, அல்லது 1916. லேட்டாகிறது என்று தெருவில் போகிற ஒருவருக்குப் பணம் கொடுத்து மூடியைத் திறக்க வைக்காதீர்கள். மழைக்காலத்தில் தேங்கிய நீர் வடியட்டும் என்று குடியிருப்போரே மேன்ஹோலைத் திறந்துவிடுவதும் இந்த ஊரில் வழக்கமாகிவிட்டது. மழைநீரும் மண்ணும் சாக்கடைக் குழாய்க்குள் புகுந்து அடுத்த வாரமே அடைப்பாகிறது. மொட்டைமாடித் தண்ணீரைக் கழிவுநீர்க் குழாயில் இணைத்திருக்கும் கட்டடங்கள் அதை உடனே பிரிக்க வேண்டும்.

அடைப்பில் என்ன சிக்குகிறது என்று கேட்டால் வேலை செய்பவர்கள் எல்லோரும் ஒரே பட்டியலைத்தான் சொல்கிறார்கள். நாப்கின், குழந்தைகளின் டயப்பர், ஈர டிஷ்யூ, ஷாம்பு பாக்கெட், தேங்காய் நார், சமையல் எண்ணெய். நாப்கின் நீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதிக்கொள்ளும். அதைச் சுற்றி எண்ணெய் உறைந்தால் குழாய்க்குள் கெட்டியான அடைப்பான் ஒன்று உருவாகிவிடும். ஒவ்வொரு வீட்டுக் குளியலறையிலும் மூடியுள்ள சிறு கூடை ஒன்றை வைக்கச் சொல்வது சங்கத்தால் இந்த மாதமே முடிகிற காரியம்.

கழிவுநீர்த் தொட்டி மட்டும் அல்ல, குடிநீர் சம்ப்பும் ஆளைக் கொல்லும். புதிதாகக் கட்டிய சம்ப்பையோ டேங்கையோ சென்ட்ரிங் பலகையோடு மூடி வைத்திருப்பார்கள். ஈரப் பலகை மக்கி உள்ளே உள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும். நாற்றமே இருக்காது, பலகை பிரிக்க இறங்கியவர் அப்படியே சாய்ந்துவிடுவார். தண்ணீரை இறைக்க டீசல், பெட்ரோல் மோட்டாரை உள்ளே இறக்கி ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு தேங்கும், அதற்கும் நிறமோ மணமோ கிடையாது. சம்ப் கழுவ ஆள் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால், முதலில் எல்லா மூடிகளையும் திறந்து, புளோயர் வைத்துப் புதுக்காற்றை அடிமட்டம் வரை செலுத்த வேண்டும். நான்கு வாயுக்களை அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பார்க்க வேண்டும். ஆக்சிஜன், எரியக்கூடிய வாயு (மீத்தேன்), நச்சு வாயுக்கள் (ஹைட்ரஜன் சல்பைடு, கார்பன் மோனாக்சைடு) என்ற வரிசையில் பார்ப்பது முறை. இறங்குபவர் உடம்பு முழுக்கப் பாதுகாப்புப் பட்டை மாட்டி, அதன் கயிறு மேலே நிறுத்திய மூன்றுகால் தாங்கியில் உள்ள சக்கரத்தோடு இணைந்திருக்க வேண்டும். மேலே நிற்பவர் அந்த இடத்தை விட்டு ஒரு நிமிடம்கூட அசையக் கூடாது. கருவி இல்லாத ஒப்பந்ததாரரைத் திருப்பி அனுப்புங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு எங்கேனும் ஒருவர் உள்ளே விழுந்துவிட்டால், தயவுசெய்து யாரும் பின்னால் இறங்காதீர்கள். நாளிதழ்களில் இரண்டு பேர், மூன்று பேர் சாவு என்று வரும் செய்திகளைக் கவனியுங்கள். முதலில் ஒருவர் விழுவார், அண்ணனோ தம்பியோ உடன் வேலை செய்தவரோ தூக்கப் போய் அவரும் விழுவார். தூக்கப் போனவர் இறங்கியதும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார். அந்த நேரத்தில் செய்யக் கூடியது: 112 அல்லது 101இல் தீயணைப்புத் துறையைக் கூப்பிட்டு "மூடிய தொட்டிக்குள் ஆள் விழுந்திருக்கிறார், சுவாசக் கருவி வேண்டும்" என்று முதல் வரியிலேயே சொல்வது, 108ஐ அழைப்பது, எல்லா மூடிகளையும் திறப்பது, புளோயரோ பெரிய மின்விசிறியோ இருந்தால் வெளிக்காற்றை உள்ளே செலுத்துவது. மின்பொருளை மூடிக்கு நெருக்கமாக வைக்க வேண்டாம், மீத்தேன் இருக்கும். அவர் உடம்பில் கயிறு கட்டியிருந்தால் மேலிருந்தே இழுங்கள்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவரை இறக்குவது லாரியைவிட மலிவாகத் தெரிகிறது. இருபது வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் இரண்டாண்டுக்கு ஒருமுறை லாரிக்காகும் செலவை மாதக் கணக்கில் பிரித்துப் பாருங்கள். வீட்டுக்கு வரும் தொகையைச் சொல்லவே கூச்சமாக இருக்கும். பராமரிப்புக் கட்டணத்தில் அதைத் தனித் தலைப்பாக ஒதுக்கி வைத்தால், டேங்க் வழியும் நாளில் யாரும் பேரம் பேச நிற்க மாட்டார்கள்.

உங்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் இந்தத் தீர்மானத்தை முன்வைக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அப்படியே பயன்படுத்தலாம், உங்கள் வளாகத்துக்கேற்ப மாற்றியும் கொள்ளலாம்:

"நமது வளாகத்தின் செப்டிக் டேங்க், கழிவுநீர்த் தொட்டி, மேன்ஹோல் எதிலும் எக்காரணம் கொண்டும் ஆளை இறக்குவதில்லை. டேங்க் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உரிமம் பெற்ற லாரி மூலம் காலி செய்யப்படும். கடைசியாகக் காலி செய்த தேதி, அடுத்த தேதி, கொள்ளளவு, மூடிகள் இருக்கும் இடம், அழைக்க வேண்டிய எண்கள் ஆகியவை வாட்ச்மேன் அறையில் தமிழில் எழுதி ஒட்டப்படும். இதற்கு மாறாக யாரையேனும் அழைக்க வாட்ச்மேனுக்கோ பிளம்பருக்கோ அதிகாரம் இல்லை. செயலாளருக்கும் இல்லை."

இப்படிக்கு,
சென்னையில் பயிலும் மாணவர்கள்