கையால் காட்ட வேண்டிய பாடம்

ஆசிரியருக்கு வணக்கம். தமிழ்நாட்டில் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் தொழில் 4.0 (கணினியும் தானியங்கி எந்திரங்களும் இணைந்த உற்பத்தி முறை) தரத்துக்கு மேம்படுத்தப்பட்டது பற்றிய கட்டுரையைப் படித்தேன். கணினிவழி இயங்கும் எந்திரங்களும் ரோபோக்களும் வரவேற்கத்தக்கவையே. ஆனால், பயிற்றுநர் தம் கையால் செய்துகாட்டும் நேரத்தை அவை விழுங்கிவிடக் கூடாது. உலோகப் பாகங்களை அராவிப் பொருத்தும் ஃபிட்டர் பிரிவில் பல ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவன் நான். அரத்தை முன்னோக்கித் தள்ளும்போது மட்டுமே அழுத்த வேண்டும், பின்னால் இழுக்கும்போது தளர்த்த வேண்டும் என்று கரும்பலகையில் எழுதிப் போட்ட ஆண்டுகளில், மாணவர்கள் அராவிய இரும்புத் துண்டு ஓரங்களில் தேய்ந்து நடுவில் மேடிட்டே நின்றது (எழுதியதைப் பிழையின்றி ஒப்பித்தார்கள் என்பது வேறு). நானே, இரும்பை இறுகப் பிடிக்கும் வைஸ் முன் நின்று, கால் வைக்கும் நிலையிலிருந்து மெதுவாகச் செய்துகாட்டி, பிறகு ஒவ்வொருவரின் கையையும் பிடித்துத் திருத்தத் தொடங்கியபோதுதான் மட்டம் வந்தது.

20 பேர் ஒன்றாகச் சூழ்ந்து நின்றால் பின்வரிசைக்குத் தெரிவது பயிற்றுநரின் முதுகுதான். ஆகவே, செய்முறை வகுப்பின் முதல் ஒரு மணி நேரத்தை, மாணவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்துச் செய்துகாட்டுவதற்கென ஒதுக்கவும், அப்பணிக்கு ஓய்வுபெற்ற ஃபிட்டர்களையும் டர்னர்களையும் (கடைசல் எந்திரத் தொழிலாளர்களையும்) மதிப்பூதியத்தில் அழைக்கவும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை ஆவன செய்ய வேண்டும்.

- ஓய்வுபெற்ற பயிற்றுநர், ஓசூர்